நாலாம் பிறைக்கு எந்தத் தொலைகாட்டி?

மூன்றாம் பிறையைக் கும்பிடச் சொல்லி முற்றத்துக்குக் கூட்டிப்போகும் அம்மம்மா, அடுத்த நாள் அதே நேரத்தில் மேற்கு யன்னலைச் சாத்திவிடுவார். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பது அவர் கணக்கு. எனக்குப் பிடித்திருக்கும் வேலையோ சரியாக நாலாம் பிறையில்தான் தொடங்குகிறது. படவேண்டிய பாட்டில் ஒரு பகுதியைப் போன பெப்ரவரியிலேயே பட்டுவிட்டேன்.

வேலை இதுதான். பிறையின் வெளிச்சம் விழாத பகுதியை விடாமல் வீடியோ எடுக்க வேண்டும். அங்கே விண்கல் மோதி ஒரு பொறி தட்டுகிறதா என்று தேட வேண்டும். நிலவுக்குக் காற்றுப் போர்வை இல்லை. பூமிக்கு மேலே எரிநட்சத்திரமாகக் கருகிவிடும் கல் அங்கே நேரே நிலத்தில் போய் இடிக்கிறது. செக்கனுக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒரு கிலோ கல், தோடம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது, ஏறத்தாழ 48 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் சக்தியைக் கொண்டுவருகிறது. அதில் மிகச் சிறு பங்குதான் வெளிச்சமாகிறது. ஆனாலும் உருகி ஆவியாகும் பாறையின் அந்தச் சூட்டொளி, 384,000 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு வந்து சேர்கிறது. பெரும்பாலானவை பத்தில் ஒரு செக்கனுக்குள் அணைந்துவிடும். கண் சிமிட்டினால் போயிற்று.

இதற்கு எதை வாங்குவது என்று நானும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சானும் நாலு மாதமாகத் தொலைபேசியில் மல்லுக்கட்டினோம். கெடு ஒன்று இருக்கிறது. நவம்பரில் கனடாவிலிருந்து பெரியம்மா வருகிறார். அவருடைய பெட்டியில் ஏறாதது இந்த ஆண்டு ஏறாது. அதற்கடுத்த மாதம், 2026 டிசெம்பர் 14, ஜெமினிட் விண்கல் மழையின் உச்சம். அன்று நிலவு வளர்பிறைச் சஷ்டியை ஒட்டி, கால்வாசி மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஜெமினிட் கற்கள் வரும் திசை, நிலவின் நமக்குத் தெரியும் இருட்டுப் பகுதிக்கு ஏறத்தாழ நேர் எதிரே விழுகிறது. உச்சமும் இலங்கை நேரப்படி மாலையை ஒட்டியே வருகிறது. இப்படி மூன்றும் ஒன்றாகப் பொருந்துவது அடிக்கடி நடப்பதில்லை.

பார்த்தவுடன் கழித்தவை

கைத்தொலைபேசியைத் தொலைகாட்டியின் கண்வில்லையில் ஒட்டவைத்து எடுக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலவின் குழிகளைப் படமெடுக்க அது அருமை. ஆனால் தொலைபேசி வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிறது. ஒரே ஃபிரேமில் வந்துபோகும் மங்கல் புள்ளியை அழுக்கு என்று நினைத்து முதலில் துடைப்பதும் அதுதான்.

மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது, 1996இல் ஜப்பான் தந்தது. கசெக்ரேன் வகை, ஒளி குவியும் தூரம், அதாவது குவியத்தூரம், நீளம்; அது நீண்டால் பிம்பம் பெருக்கும். ஒரு சிறு கமராவை வைத்தால் நிலவின் ஒரு துண்டுதான் விழும். நமக்கோ இருட்டுப் பகுதி முழுவதும் வேண்டும். அதைவிட, மாதத்தில் ஐந்து இரவு ஒரு பொது நிறுவனத்தின் தொலைகாட்டியைத் தனியாருக்கு விட்டுத்தா என்று கேட்பது நியாயமில்லை.

இருட்டான ஊருக்குப் போவதும் தேவையில்லை. பால்வீதி பார்க்கத்தான் ஹோட்டன் சமவெளி. இந்த வேலைக்குக் கொழும்பின் காலி வீதி விளக்கு வெளிச்சம் பெரிய எதிரியல்ல. நிலவின் இருட்டுப் பகுதி பூமியிலிருந்து தெறித்துப்போகும் ஒளியாலேயே மங்கலாகத் தெரிகிறது, பக்கத்தில் பிறையின் கூச்சம் வேறு. பொறி அந்த இரண்டையும் மீறித்தான் தெரிய வேண்டும். கொழும்பில் உண்மையான தொல்லை வெளிச்சமல்ல, ஈரப்பதனும் கடற்காற்றும். அதற்கு ஈடாக ஒரு வசதி: மாலைப் பிறை இருப்பது மேற்கே, வெள்ளவத்தையில் மேற்கே கட்டடமே இல்லை, கடல்தான்.

ஏழு பாகை அகலக்கோட்டில்

மீதி மூன்று வழிகள். ஒன்று, பெட்டிப் பீடத்தில் வைத்துக் கையால் தள்ளும் ஆடித் தொலைகாட்டியான 8 அங்குல டொப்சோனியன். இரண்டு, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் மவுண்டில் (தொலைகாட்டியைத் தாங்கித் திருப்பும் பீடம்) 6 அங்குல நியூட்டோனியன் ஆடித் தொலைகாட்டி. மூன்று, மேல்-கீழ், இடம்-வலம் என்று இரண்டு மோட்டாரால் நிலவைத் தொடரும் தொலைகாட்டி.

டொப்சோனியனை நான் இரவல் வாங்கிப் பார்த்தேன். விலைக்கு அதைவிடப் பெரிய ஆடி கிடைக்காது என்பது உண்மை. ஆனால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலவு தன் முழு அகலத்தையும் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 1200 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் கமராவில் விழும் காட்சிச் சட்டம் நிலவளவுதான் இருக்கும், ஆகவே ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஒரு தள்ளு. தள்ளும்போது ஆட்டம், ஆட்டம் நிற்க நாலைந்து செக்கன், நின்றதும் பிறையின் வெளிச்சப் பகுதி சட்டத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் வெளுக்கவைக்கும். ஐந்து இரவு போராடி எடுத்ததில் உருப்படியான வீடியோ ஒரு மணித்தியாலம்கூடத் தேறவில்லை. எட்டு அங்குலம் என்ற பெருமை மட்டும் மிச்சம். இதன் குழாய் ஒரு மீற்றருக்கு மேல், ஆகவே பெரியம்மாவின் பெட்டி என்ற கேள்வியும் எழவில்லை.

இரண்டாவது வழியைத்தான் எல்லாக் கையேடுகளும் சிபாரிசு செய்கின்றன. எழுதியவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இவ்வகை மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே சாய்க்க வேண்டும். லண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்கிறது. கொழும்பின் அகலக்கோடு 6.9 பாகை, துருவ நட்சத்திரம் அடிவானத்துப் புழுதிக்குள், யாரோ ஒருவரின் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருக்கிறது. நான் வெள்ளவத்தையிலிருந்து ஒருநாளும் கண்டதில்லை. அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைக்க வேண்டும். பல மவுண்டுகளின் அளவுகோல் பத்துப் பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்ப்பாரக் கம்பி முக்காலியின் காலில் போய் முட்டும். முக்காலியின் ஒரு காலை மட்டும் கட்டைமேல் ஏற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. மழை வருகிறது என்று மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய ஊரில் அந்த வித்தை எனக்குச் சரிவராது.

ஆகவே மூன்றாவது. மேல்-கீழ் மவுண்டில் நேரம் போகப்போகப் படம் மெல்லச் சுழலும் என்பதுதான் அதன்மீது வழக்கமாகச் சொல்லும் குறை. பத்து நிமிடம் திறந்துவைத்து நெபியூலா எடுப்பவருக்கு அது குறை. முப்பதில் ஒரு செக்கன் மட்டும் திறக்கும் நமக்கு அது ஒரு பொருட்டேயில்லை. வைத்து, சமன் பார்த்து, நிலவைக் காட்டி, வேகத்தை நிலவுக்கு என்று மாற்றிவிட்டால் கீழே போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்.

ஒரு பெரியதா, இரண்டு சிறியதா

இங்கேதான் சண்டை. மச்சானுக்கு செலெஸ்ட்ரொன் நெக்ஸ்ஸ்டார் 8எஸ்இ மேல் ஆசை: 203 மில்லிமீற்றர் ஷ்மிட்-கசெக்ரேன் (முன்னால் கண்ணாடித் தகடு உள்ள ஆடித் தொலைகாட்டி), ஒற்றைக் கை மவுண்ட். குழாய் கட்டையானது, பெட்டிக்குள் பத்திரமாகப் படுக்கும். குவியத்தூரம் 2032 மில்லிமீற்றர். நிலவின் பிம்பம் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பதினெட்டரை மில்லிமீற்றர் நிலவு. நாங்கள் பார்க்கும் சிறு கமரா எதுவும் கொள்ளாது. குவியத்தூரத்தைக் குறைக்கும் வில்லையான குவியக் குறைப்பான் ஒன்றைக் கமராவுக்கு முன்னால் பூட்டி 1280க்கு இறக்கலாம். அப்போது பதினொன்றரை மில்லிமீற்றர். இருட்டுப் பகுதியில் பாதிக்கு மேல் அடங்கும்.

எனக்குப் பிடித்தது ஸ்கை-வாட்சரின் விர்ச்சுவோசோ ஜிடிஐ 150பி. மேசைமேல் வைக்கும் சின்ன டொப்சோனியன், ஆனால் மோட்டார் உண்டு, தொலைபேசியால் ஆட்டலாம். 150 மில்லிமீற்றர் ஆடி, குவியத்தூரம் 750. குழாய் மடங்கி உள்ளே போகும். நிலவு ஏழு மில்லிமீற்றருக்குள் வந்துவிடுவதால் குறைப்பான் தேவையில்லை. 8எஸ்இ ஒன்றின் செலவை அதன் குறைப்பான், பனி தடுக்கும் சூடேற்றி எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால், இதில் இரண்டு வாங்குவது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. டொலரும் வரியும் மாதத்துக்கு மாதம் ஆடுவதால் தொகையை இங்கே எழுதவில்லை.

மச்சானின் வாதம் எளிது: 200இன் வர்க்கத்தை 150இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.78. ஒன்றே முக்கால் மடங்கு ஒளி. மங்கலான பொறிகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவற்றை ஏன் விடுவது? நாசாவின் மார்ஷல் நிலையம் 35 சென்ரிமீற்றர் தொலைகாட்டிகளால், நல்ல வானம் வாய்த்த சுமார் 267 மணித்தியாலத்தில் 126 பொறி பிடித்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. ஆடி சிறுத்தால் அந்த வீதமும் சிறுக்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

நான் கேட்டது வேறு. அந்தப் பொறி உண்மையா என்று யார் சொல்வது?

பெப்ரவரியில் எனக்கு ஒரு புள்ளி கிடைத்தது. ஒரே ஒரு ஃபிரேம், இருட்டுப் பகுதியின் நடுவே, பளீரென்று. இரவு பதினொரு மணிக்கு வீட்டாரை எழுப்பிக் காட்டி, மறுநாள் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பெருக்கிப் பார்த்தபோது புள்ளியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. நட்சத்திரமோ பொறியோ வளியையும் தொலைகாட்டியையும் கடந்து வரும்போது நாலைந்து பிக்சலில் மெத்தென்று பரவும். இது விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்த் துணிக்கை ஒன்று கமராவின் ஒளி உணரும் சில்லில் நேரே குத்திய தழும்பு. நிலவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அண்டக்கதிர் போதாதென்று சுழன்றபடி மினுங்கும் செய்மதிகள் இருக்கின்றன, விமானங்கள் இருக்கின்றன.

இதற்கு மருந்து இரண்டாவது கண். முதன்முதலாக உறுதியான பொறிகளே அப்படித்தான் வந்தன: 1999 நவம்பரில் லியோனிட் மழையின்போது டெக்சாஸில் பிரையன் கட்னிக் கண்ணால் கண்டதை மேரிலண்டில் டேவிட் டன்ஹாம் எடுத்த வீடியோ உறுதிசெய்தது. மார்ஷலும் இரண்டு தொலைகாட்டிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டது. கிரேக்கத்தில் 2017இல் பொறி தேடத் தொடங்கிய நெலியோட்டா திட்டத்தின் 1.2 மீற்றர் தொலைகாட்டியிலும் இரண்டு கமராக்கள். இரண்டு சில்லிலும் ஒரே கணத்தில் அண்டக்கதிர் குத்தாது. தொலைகாட்டிகள் தூரத்தில் இருந்தால் செய்மதியும் கழிந்துவிடும்: கொழும்பிலிருந்து நிலவுக்கு முன்னால் தெரியும் செய்மதி, நேர்கோட்டில் 300 கிலோமீற்றர் தள்ளியுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது வேறு இடத்தில் நிற்கும். நிலவில் தட்டிய பொறியோ இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

இதைச் சொன்னதும் மச்சான் கொஞ்சம் இறங்கிவந்தார். “அப்ப ஒண்டு எனக்கோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் மடங்கு ஒளியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மட்டக்களப்பில் ஒரு நண்பரும் இருக்கிறார், அவரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மழைதான் காரணம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொழும்பை மூடும்போது கிழக்கு காய்ந்திருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை கிழக்கு நனையும்போது கொழும்பு தெளியும். தனித்தனியே பார்த்தால் ஆண்டு முழுவதற்கும் நல்ல சோடி. ஆனால் நமக்கு இரண்டு ஊரும் ஒரே இரவில் தெளிவாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான், ஆகவே பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில் இரண்டு பக்கமும் வானம் வாய்க்கும். டிசெம்பர் 14 மட்டும் யாழ்ப்பாணத்துக்குச் சூதாட்டம். அன்று அங்கே முகில் என்றால் என் வீடியோ தனியாக நிற்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் இந்தத் தெரிவு.

விர்ச்சுவோசோவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குழாய் பாதி திறந்தது. பக்கத்து வீட்டு பல்கணி விளக்கு நேரே உள்ளே அடிக்கும், கறுப்புத் துணி சுற்ற வேண்டும். குவியப்படுத்தும் திருகு பிளாஸ்டிக். கமரா பாரத்துக்குத் தளரும். தண்ணீர்க் குழாய்ப் பொருத்துகளுக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைப் புரியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும். கமராவுக்குக் குவியம் எட்டாவிட்டால் மடங்கும் கம்பிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்தால் எட்டும். 8எஸ்இயின் முன்கண்ணாடி கொழும்பு ஈரத்தில் அரை மணித்தியாலத்தில் வியர்ப்பதோடு ஒப்பிட்டால் இவை சில்லறைத் தொல்லைகள். எதை வாங்கினாலும் உப்புக்காற்றும் பூஞ்சணமும் பொது. காற்றுப்புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், வேறு வழியில்லை.

கமராவில் அவ்வளவு யோசிக்கவில்லை. மார்ஷல் நிலையம் பயன்படுத்திய வாட்டெக் 902எச்2 இன்னும் இரவல் கிடைக்கும், கூர்மையான கண், ஆனால் பழைய அனலொக்; கணினிக்குள் ஏற்றத் தனிப் பெட்டி வேண்டும். மலிவான ஏஎஸ்ஐ290இன் சில்லு 5.6க்கு 3.2 மில்லிமீற்றர், இருட்டுப் பகுதியின் ஒரு துண்டுதான் விழும். ஏஎஸ்ஐ174இன் கறுப்பு-வெள்ளை மொடல், 11.3க்கு 7.1, ஏழு மில்லிமீற்றர் நிலவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. விலை கூட, ஆனால் இதில் மிச்சம் பிடிப்பது வீண். ஒரு எச்சரிக்கை மட்டும்: முழுச் சட்டத்தையும் செக்கனுக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் செக்கனுக்கு 70 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 250 கிகாபைட்டுக்கு மேல். நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து எடுத்தால் கால்வாசியாகும். அன்றிரவே தேடி முடித்து அழிக்காவிட்டால் வீட்டில் கணினிக்கு இடமிருக்காது. தேடுவதற்கு பீட்டர் குரால் எழுதிய லூனார்ஸ்கேன் மென்பொருள் போதும்.

மாலையா, விடியலா

நாளைத் தெரிய வீட்டு நாட்காட்டியே போதும். நிலவு பத்திலிருந்து ஐம்பது சதவீதம் வரை ஒளிரும் நாட்கள்தான் வேண்டும்: வளர்பிறையில் சதுர்த்தி தொடங்கி அஷ்டமி நடு வரை, தேய்பிறையில் அஷ்டமி நடுவிலிருந்து துவாதசி வரை. திதி என்பதே சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே பன்னிரண்டு பாகை என்பதால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. திருக்கணிதத்தைப் பாருங்கள், வாக்கியம் சில மணித்தியாலம் பிசகும். முழுக் கொழும்பும் நிலவை அண்ணாந்து பார்க்கும் போயா, அதாவது பௌர்ணமி, அன்று எங்களுக்கு லீவு. இருட்டுப் பகுதியே கிடையாது.

வளர்பிறை மாலைதான் எங்கள் தெரிவு. நிலவு தன் பாதையில் முன்னோக்கிப் போகும் பக்கம் அப்போது இருட்டில் இருக்கிறது; மார்ஷல் கணக்கிலும் மாலையில் பொறி அதிகம், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதோடு, கொழும்பில் ஏழரை மணி ஆகும்போது ஜப்பானில் இளம்பிறை மறைந்தோ மறையப்போகும் நிலையிலோ இருக்கும், கிரேக்கத்தில் பொழுதே சாய்ந்திராது. அந்த இடைவெளியில் நிலவைப் பார்க்க நமது நெடுங்கோட்டில்தான் ஆள் வேண்டும். சதுர்த்தி முடிவில் நிலவு சூரியனுக்குப் பிறகு மூன்று மணித்தியாலம் சொச்சம் நிற்கும். அந்தி வெளிச்சத்தையும் கடல்மட்ட மூட்டத்தையும் கழித்தால் ஒன்றரை மணித்தியாலம் கைக்கு வரும். அஷ்டமியில் நாலு மணித்தியாலம், ஆனால் கூச்சமும் அதிகம். பஞ்சமியும் சஷ்டியும்தான் எனக்கு மிகப் பிடித்தவை.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மட்டும் விடியலுக்கு மாறுவோம். அந்த மாதங்களில் பின்னேரம் இடியோடு கொட்டிவிட்டு விடியப்புறம் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். கிழக்கே எனக்குக் கட்டடங்கள், மச்சானுக்குப் பனைகள்.

ஐந்து இரவில் முகிலுக்குப் பாதியை விட்டால் மாதத்துக்கு ஐந்து மணித்தியாலம் தேறும். இந்த ஆடி அளவுக்கு ஆண்டில் நாலைந்து பொறி இரண்டு ஊரிலும் சேர்ந்து பதிவானால் எனக்குத் திருப்தி. அதிர்ஷ்டம் இருந்தால் 2013 மார்ச் 17இல் நிலவின் ‘மழைக்கடல்’ என்னும் சமவெளியில் விழுந்ததுபோல் ஒன்று வரலாம்: ஏறத்தாழ 40 கிலோ கல், ஒரு செக்கன் நீண்ட பொறி, பிறகு நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ கலம் அங்கே 18 மீற்றர் அகலப் புதுக் குழியைப் படமெடுத்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 11இல் ஸ்பெயினில் பதிவான பொறி எட்டு செக்கன் நின்றது. அப்படியொன்று வந்தால் கணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும், ஆகவே இரண்டு கணினியின் கடிகாரங்களையும் இணைய நேரத்தோடு ஒவ்வொரு இரவும் பொருத்துவது மச்சானின் பொறுப்பு.

நவம்பர் 9 அமாவாசை. பெரியம்மாவின் விமானம் 11ஆம் திகதி. மழை விட்டால் அந்த வாரமே ஒத்திகை. இரண்டு மவுண்டும் கைப்பெட்டியில், ஆடிகள் இரண்டும் பெரிய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே என்று சொல்லியிருக்கிறேன். சொக்லேட்டுக்கு இடமில்லை என்பதை வீட்டில் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.